நம் தெருவை நாமே எண்ணிப் பார்க்கலாமா? வேலூர்ப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

காட்பாடி ஜங்ஷன்

எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேட்டுத்தெருவில் வந்தால் எங்கள் தெருவில் வராது. எங்களுக்கு வந்தால் கடைசி இரண்டு சந்துக்கு வராது. போன மாதம் ஐந்தாறு பேர் சேர்ந்து மனு எழுதிக் குடிநீர் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர் பதிவேட்டைத் திறந்து, "உங்க ஏரியாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்திருக்கோம், பாருங்க" என்று காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, திறந்தது உண்மைதான். வந்து சேர்ந்ததா என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அவர் கையில் கணக்கு இருந்தது, எங்கள் கையில் புலம்பல்தான் இருந்தது. அதனால் நாங்களே வீடு வீடாகப் போய் சர்வே எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தண்ணீர், குப்பை, சாக்கடை, கொசு, காய்ச்சல், வேலை, வருமானம், படிப்பு எல்லாம் சேர்த்து கூகுள் ஃபார்மில் 45 கேள்வி தயார். வீடு வாரியாக மேப்பில் புள்ளி வைத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதாகத் திட்டம். இந்த மாதிரி வேலையில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

அணைக்கட்டு அக்கா

தம்பி, நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டே காலம் போனது. நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் 45 கேள்வி ஆகாது. பத்தாவது கேள்வியில் அடுப்பில் பால் பொங்கும். இருபதாவது கேள்வியில் உங்களை அனுப்பிவிட்டால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுதுவது எதுவும் கணக்கில் சேராது.

ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் எழுதிப் பாருங்கள்: ஆமாம் என்றால் நான் என்ன செய்வேன், இல்லை என்றால் என்ன செய்வேன்? இரண்டுக்கும் செய்யப் போவது ஒன்றேதான் என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். வருமானத்தைக் கேட்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

அப்புறம் கேட்கிற விதம். "வீட்ல யாருக்காவது வயித்துப்போக்கு இருந்ததா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது வீட்டில் இல்லை என்பார்கள். அது வீட்டுச் சுத்தத்தைக் குறை சொல்வது போல அவர்கள் காதில் விழும். "போன ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் யாருக்காவது வயிறு சரியில்லாம கடையில மாத்திரை வாங்குனீங்களா?" என்று கேளுங்கள். உடனே, "ஆமா, சின்னவனுக்கு வாங்குனோம்" என்று வரும். நாள் குறித்துக் கேட்க வேண்டும், நடந்த காரியத்தைக் கேட்க வேண்டும், அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது.

பூட்டிய வீட்டை விட்டுவிடாதீர்கள். பகல் பதினொரு மணிக்குப் போனால் யார் இருப்பார்கள்? ஷூ கம்பெனி வேனில் விடியற்காலை ஏறிப்போன பெண்கள் இருக்க மாட்டார்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள் இருக்க மாட்டார்கள். பகலில் தண்ணீர் வந்தால் பிடிக்க ஆள் இல்லாத வீடுகளும் அவைதானே. அவர்களை விட்டுவிட்டு எண்ணினால் உங்கள் கணக்கும் அந்த அலுவலகத்துப் பதிவேடு மாதிரிதான் இருக்கும்.

கணக்கு வாத்தியார்

அக்கா சொன்னதற்கு மேல் இரண்டு விஷயம்.

புகாரை மட்டும் எண்ணாதீர்கள், எத்தனை வீட்டில் எத்தனை என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு, மேட்டுத்தெருவிலிருந்து 20 புகார், கடைசிச் சந்திலிருந்து 6 புகார் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுத்தெருவுக்குத்தான் பிரச்சினை அதிகம் என்று தோன்றும். மேட்டுத்தெருவில் 200 வீடு, சந்தில் 12 வீடு என்றால்? அங்கே பத்து வீட்டுக்கு ஒன்று, இங்கே இரண்டு வீட்டுக்கு ஒன்று. அதனால் முதல் வேலை வீட்டுப் பட்டியல். அது இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது.

சராசரியிலும் கவனம் வேண்டும். ஒரு வீட்டுக்கு நான்கு மணி நேரம் தண்ணீர், பக்கத்து வீட்டுக்குச் சொட்டுகூட இல்லை. சராசரி இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் தண்ணீர் பிடித்த வீடு அந்தத் தெருவிலேயே இல்லை.

தண்ணீருக்கு சர்வேயே வேண்டாம் என்பேன். "வாரத்துக்கு எத்தனை நாள் வருது?" என்று கேட்டால் கடைசியாகக் கஷ்டப்பட்ட நாளை வைத்துத்தான் பதில் வரும். நம் வீடுகளில் பால் கணக்கு எங்கே எழுதுகிறோம்? சமையலறைச் சுவரில் மாட்டிய மாதக் காலண்டரில். பால்காரர் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி, கூடுதலாக வாங்கினால் ஓரத்தில் அரை என்று எழுதுவோம். மாதக் கடைசியில் அந்தக் கணக்கில் யாருக்கும் சண்டை வருவதில்லை. அதே கட்டத்தில் தண்ணீர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். ஒரு தெருவுக்கு நான்கு வீடு, தெரு தொடக்கத்தில் இரண்டு கடைசியில் இரண்டு, போதும். எல்லா வீட்டிலும் ஒருமுறை கேட்டு வாங்குவதைவிட, சரியாகத் தேர்ந்தெடுத்த சில வீடுகளில் தினமும் எழுதுவது நம்பத் தகுந்தது.

பாகாயம்வாசி

வாத்தியார் சார் சொல்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமுதாய நலத்துறை 1980களிலிருந்தே இந்த முறையில்தான் வேலை செய்கிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். ஊரில் உள்ள பெண்ணே சுகாதாரப் பணியாளர். யார் கருவுற்றார், எங்கே குழந்தை பிறந்தது, யார் இறந்தார் என்று அவர் சொல்ல, அது சரிபார்க்கப்பட்டுக் கணினியில் ஏறும். இறந்தவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசி, எப்படி இறந்தார் என்று கேட்டு எழுதுவார்கள். அந்தக் கணக்கிலிருந்துதான் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 1992 முதல் 2001 வரை 10 முதல் 19 வயது வரையிலான பெண் பிள்ளைகளில் ஆண்டுக்குச் சராசரியாக லட்சத்துக்கு 148 பேர் தற்கொலையில் இறந்திருக்கிறார்கள், ஆண் பிள்ளைகளில் 58. வீட்டில் போய்க் கேட்டதால்தான் அது தெரிந்தது. முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். இவர்கள் எல்லாம் நம் பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போன பிள்ளைகள்.

இன்னொன்று, பழைய வடாற்காடு மாவட்டத்து அஞ்சல் அட்டை. வைராலஜி பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான் தொடங்கியது. அரசு மருத்துவமனை, தனியார் கிளினிக் எல்லோருக்கும் தபால் செலவு கட்டிய அட்டை கொடுத்துவிடுவார்கள். போலியோ, தட்டம்மை, மூளைக்காய்ச்சல் மாதிரி குறிப்பிட்ட நோயைப் பார்த்தால் டாக்டர் அட்டையை நிரப்பித் தபாலில் போட வேண்டும், அவ்வளவுதான். வந்த கணக்கு மாதாமாதம் அறிக்கையாக அச்சாகி அட்டை அனுப்பிய டாக்டர்களுக்கே திரும்பிப் போகும். வடாற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'நதி' என்று வரும், அதுதான் அதன் பெயர். இது 1998இல் லான்செட்டில் வந்தது. பிறகு கேரளத்தில் கோட்டயத்தில் எடுத்துச் செய்தார்கள்.

நோயாளி வரிசையில் நிற்கும்போது ஒரு டாக்டர் உட்கார்ந்து அட்டை எழுதினார் என்றால், போன மாதம் எழுதியது அவர் மேசைக்கே திரும்பி வந்ததால்தான். காட்பாடித் தம்பி, நீங்கள் எத்தனை கேள்வி கேட்கிறீர்கள் என்பதைவிட, பதில் சொன்ன வீட்டுக்கு எதை எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆயிரம் பீடி

படித்துக்கொண்டே வந்தேன். நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் தெருவில் எண்ணாத ஆள் இல்லை. காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்காரர்கள், தேர்தலுக்கு முன்னால் கட்சிக்காரர்கள், ரேஷன் கார்டுக்கு, இன்ஷூரன்ஸுக்கு, ஏதோ பெயர் தெரியாத நிறுவனத்துக்கு. ஒருத்தர்கூட, "போன தடவை நீங்க சொன்னதுல இதைக் கண்டுபிடிச்சோம்மா" என்று திரும்பி வந்ததில்லை.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தார். அம்மாவிடம், "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா, "இல்லம்மா, சும்மா வீட்லதான் இருக்கேன்" என்றார். அப்போது அம்மா மடியில் முறம் இருந்தது. முறத்தில் பீடித் தூள், நூல் கண்டு, ஈரச்சாக்கில் ஊறவைத்து எடுத்து அளவாக வெட்டிய இலை. பேசிக்கொண்டே இலையைச் சுருட்டி, கட்டைவிரல் நகத்தால் வாயை மடித்து, நூலை இரண்டு சுற்று சுற்றி அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்து சேர்ந்ததும் ஒரு கட்டு. கேள்வி முடிவதற்குள் இரண்டு கட்டு ஆகியிருக்கும். அந்தப் பெண் 'இல்லத்தரசி' என்ற கட்டத்தைத் தொட்டதை நான் எட்டிப் பார்த்தேன். என் பரீட்சைப் பணம் அந்த முறத்திலிருந்துதான் வந்தது.

அம்மாவும் பொய் சொல்லவில்லை. அவருக்கு வேலை என்றால் பஸ் ஏறிப் போவது. அந்தப் பெண்ணும் பொய் எழுதவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அன்றைக்கு ஒன்றும் செய்யாதவர்களாகப் பதிவாகிப் போனார்கள். அதை வைத்து யாராவது, 'இங்கே பெண்கள் சும்மா இருக்கிறார்கள், தையல் பயிற்சி கொடுக்கலாம்' என்று திட்டம் போட்டால்?

அணைக்கட்டு அக்கா

கண்ணு, இதைப் படித்ததும் எனக்கே சுருக்கென்றது. நானும் அந்தக் கட்டத்தை எத்தனையோ முறை அப்படித்தான் நிரப்பியிருப்பேன். இனி யார் கேட்டாலும் இப்படிக் கேளுங்கள்: "நேத்து காலையில எழுந்ததுலருந்து என்னென்ன செஞ்சீங்க?" அதில் பீடி வரும், மாடு வரும், தறிக்கு நூல் இழைத்தது வரும். வேலை என்ற வார்த்தையையே வாயில் எடுக்க வேண்டாம்.

காட்பாடி ஜங்ஷன்

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எங்கள் 45 கேள்வியில் 31ஆவது 'குடும்பத் தலைவி வேலை செய்கிறாரா, ஆம் / இல்லை' என்றுதான் இருக்கிறது. எடுத்துவிட்டேன்.

ஆனால் ஒரு சந்தேகம். இத்தனை நாள் எண்ணியவர்களால் ஏதாவது நடந்ததா? நடக்காது என்றால் நாங்கள் மட்டும் என்ன சாதிக்கப் போகிறோம்?

பாகாயம்வாசி

நடந்திருக்கிறது. வேலூர் நகரத்தில் சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா பகுதிகளில் 2002இல் தொடங்கி, பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். பேராசிரியர் ககன்தீப் காங் குழு செய்தது. ரோட்டா வைரஸ் பேதி ஒருமுறை வந்தால் அடுத்த முறைக்கு எவ்வளவு காக்கும் என்பது கேள்வி. மெக்சிகோவில் அப்படிப் பார்த்தபோது இரண்டு முறை தொற்றிய குழந்தைக்கு அதற்கு மேல் கடுமையாக வரவே இல்லை. இங்கே மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். வேறு நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது என்று தடுப்பூசி பற்றிப் பேசுகிறவர்களுக்குக் காட்டியது நம் ஊர்ப் பிள்ளைகளின் கணக்கு. 2016லிருந்து ரோட்டா சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் படிப்படியாக வந்தது.

ஆனால் 'ஆயிரம் பீடி' கேட்டதும் நியாயம்தான். இதைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்து ஒவ்வொரு தெருவிலும் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

பாலாற்றங்கரை

ஆம்பூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு எண்ணிக்கை மேல் மரியாதை உண்டு, வருத்தமும் உண்டு.

தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பிலேயே ஒரு எண் இருக்கிறது: தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு ஆகாமல் போனது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்துச் சொன்னது. என் அப்பா மாதிரி எத்தனையோ பேர், "தண்ணி கெட்டுப்போச்சு சாமி" என்று கும்பிட்டுச் சொன்னது காதில் ஏறவில்லை. 35,000 என்றதும் ஏறியது. அந்த வகையில் எண்ணுக்கு நான் கடமைப்பட்டவன்.

வருத்தம் என்னவென்றால், அதே 35,000ஐத்தான் இன்றைக்கும் மேடையில் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் பிறந்து கல்யாணம் ஆகிவிட்டது. 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் பாலாறு பற்றித் தீர்ப்பு சொல்லி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. என் கிணறு அன்றைக்கு எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் யாரிடம் கணக்கு இருக்கிறது?

அதனால் நானே எழுதுகிறேன். அமாவாசைக்கு நாங்கள் ஏர் பூட்ட மாட்டோம், கை சும்மா இருக்கும். அன்றைக்குக் காலையில் கல் கட்டிய கயிற்றை விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்ப்பேன். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு. ஒரு செம்பு மொண்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டு எண்ணை எழுதுவேன். வாயில் ஊற்றிப் பார்த்து உப்பா, சவரா என்றும் எழுதுவேன், ஏனென்றால் மாடு மீட்டரைப் பார்த்துக் குடிப்பதில்லை. நோட்டு இப்போது மூன்றாவது. மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறினாலும் உப்பு உடனே இறங்குவதில்லை என்று அதில்தான் கண்டுகொண்டேன். அக்கம்பக்கத்தில் நாலு கிணற்றுக்காரர்கள் இப்போது அமாவாசைக்கு எழுதுகிறார்கள்.

கணக்கு வாத்தியார்

ஐயா, அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள், முடிந்தால் ஒரு நகலும் எடுத்துவிடுங்கள். பழைய வடாற்காட்டில் செய்யாறு பக்கம் தூசி என்று ஒரு ஊர். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை அனுப்பி ஆராயச் சொன்ன கிராமங்களில் அதுவும் ஒன்று. 1930களில் மறுபடியும் போனார்கள், பிறகும் போனார்கள். முதல் கணக்கு இருந்ததால்தான் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பேச முடிந்தது. உங்கள் கிணற்றுக்கு முதல் கணக்கு நீங்கள்தான்.

மலையடிவாரம்

சராசரி பற்றி வாத்தியார் சொன்னதை மாவட்ட அளவில் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்தில் 39 லட்சத்துக்கு மேல் மக்கள், ஆயிரம் ஆண்களுக்கு 1,007 பெண்கள். அந்த மாவட்டமே இன்றைக்கு இல்லை. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துவிட்டன. அடுத்த கணக்கெடுப்பு 2027இல்தான் முடியும்.

மாவட்டச் சராசரியில் பார்த்தால் நமக்கு ஆஸ்பத்திரி பக்கம், படுக்கை அதிகம். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையை உரிய நேரத்தில் கீழே கொண்டுவர முடியவில்லை. ஆம்புலன்ஸ் போகப் பாதை இல்லாமல் உடலைத் தாயே கையில் ஏந்தி மலையேறி நடந்தார். அந்தக் கிராமத்தில் இருக்கும் சில குடும்பங்களை லட்சக்கணக்கில் சேர்த்து வகுத்தால் ஒரு புள்ளிகூட மாறாது. மலைக்கு மட்டும் தனியாக ஒரு கணக்கு வேண்டும், கிலோமீட்டரில் இல்லை, நடக்கும் மணியில்.

அணைக்கட்டு அக்கா

அந்தப் பாதையில் நான் நடந்திருக்கிறேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

காட்பாடித் தம்பிக்கு ஒன்று. வீடு வாரியாகப் புள்ளி வைத்து வாட்ஸ்அப்பில் போடுவேன் என்று முதலில் எழுதியிருந்தாய். தண்ணீருக்குச் சரி. காய்ச்சல், சளி, கடன், சாதி எதற்கும் அதைச் செய்யாதே. காசநோய் மாத்திரை கொடுக்கப் போகும்போது நான் அந்த வீட்டுக்கு மட்டும் போக மாட்டேன். பக்கத்து வீட்டிலும் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, எதிர் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வருவேன். இல்லையென்றால் மறுநாளே அந்த வீட்டுப் பெண்ணுக்குக் குழாயடியில் குடம் வைக்க இடம் கிடைக்காது. ஒரு தெருவுக்கு இத்தனை என்று மட்டும் சொல். அதிலும் எண்ணிக்கை ஒன்றோ இரண்டோ என்றால் தெரு பெயரும் வேண்டாம், பக்கத்துத் தெருவோடு சேர்த்துச் சொல்.

காட்பாடி ஜங்ஷன்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

45 கேள்வி போய்விட்டது. வீட்டுப் பட்டியல், காலண்டர், மாதம் ஒரு முறை இரண்டே கேள்வி, இவ்வளவுதான். காலண்டர்களை வாங்கி வந்து எங்கள் வீட்டுத் தரையில் பரப்பி உட்கார்ந்தோம். ஒன்றில் எண்ணெய்க் கறை, ஒன்றில் பால் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் கலந்து, பாட்டியைக் கூப்பிட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. கடைசிச் சந்துக்குத் தண்ணீர் வருவதே இல்லை என்றுதான் இத்தனை நாள் மனு எழுதினோம். அது சரியில்லை. வருகிறது. ராத்திரி ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவில், மேலே எல்லோரும் குழாயை மூடிய பிறகு. அந்தச் சந்துப் பெண்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூங்காமல் இருந்திருக்கிறார்கள். பகலில் அவர்கள் குடத்தோடு நிற்பதை நாங்கள் பார்த்ததில்லை, அதனால் தண்ணீரே இல்லை என்று நாங்களாகவே எழுதிவிட்டோம். அவர்களிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

தெருக்களை வரிசையாகப் போட்டு, வந்த மணியை எழுதி, ஒரே தாளில் வரைந்து பகுதி சபைக் கூட்டத்துக்கு எடுத்துப் போனோம். அதைவிட, வால்வு திறக்கிற அண்ணனிடம் முதலில் காட்டியது நல்லதாகப் போயிற்று. அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். "நான் திறந்துட்டுப் போயிடுவேன், எங்க எப்ப போய்ச் சேருதுன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். இரண்டு வாரம் கீழ்ப்பக்கத்து வால்வை முதலில் திறந்தார். சந்தில் சாயங்காலமே வந்தது. அப்புறம் மோட்டார் பழுதாகி எல்லாமே நின்றது, இப்போது மறுபடியும் ராத்திரிதான். ஆனால் மாதா மாதம் அந்தத் தாளில் தனக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மோட்டார் நின்ற நாள்களும் அதில் இருக்கின்றன.

போன மாதத் தாளைச் சந்து முனையிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறோம். பெயர் இல்லை, தெரு மட்டும்.

ஆயிரம் பீடி

எங்கள் தெருவிலும் ஆரம்பிக்கலாமா? அம்மாவிடம் சொன்னேன். "தண்ணி மட்டுமா, ஒரு நாளைக்கு எத்தனை கட்டு சுத்துனேன்னும் அதுலயே எழுதவா?" என்று கேட்டார்.

கணக்கு வாத்தியார்

எழுதச் சொல்லுங்கள். இலை எவ்வளவு கொடுத்தார்கள், கழித்த கட்டு எத்தனை என்றும் சேர்த்து எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் தெருவுக்கு வருகிறேன், வீட்டுப் பட்டியலை முதலில் போட்டுவிடலாம். காலண்டர் இல்லாத வீட்டுக்குத் தாள் நான் கொண்டுவருகிறேன்.